கான் தாண்டிய கால்

பந்தலூர்ப் பக்கம் வெட்டவெளியில் ஷட்டில் ஆட முடியாது. நாம் நேராக அடித்தாலும் காற்று அதைத் தூக்கித் தேயிலைக்குள் போட்டுவிடும். அங்கே அரசுப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியையாக மாற்றலாகிப் போன புதிதில், தொலைந்த ஷட்டிலைத் தேடப் போன பிள்ளைகள் கால் நிறைய அட்டையோடு திரும்பி வந்தார்கள். அன்றோடு மைதானத்தில் வலை கட்டுவதை விட்டேன்.

பள்ளிக்குச் சற்றுக் கீழே எஸ்டேட்டின் பழைய ஃபேக்டரி மூடிக் கிடந்தது. பறித்து வந்த கொழுந்தை முன்பெல்லாம் அதன் மாடியில் பரப்பித்தான் வாட வைப்பார்களாம். பலகைத் தரை, நீளக் கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். கொழுந்து பரப்பிய தட்டுகளையெல்லாம் கழற்றி விற்றுவிட்டதால் காலியாக இருந்தது. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "ஏதாச்சும் ஒடஞ்சா எங்கள வந்து கேக்கக் கூடாதுங்க டீச்சர்" என்று சாவியைக் கொடுத்தார். சுண்ணாம்பில் கோடு போட்டோம். இரண்டு தூண்களுக்கு நடுவே வலையைக் கட்டினோம். உத்தரங்கள் தாழ்வாக இருந்ததுதான் ஒரே குறை. உயரமாக அடித்தால் ஷட்டில் மேலே முட்டி நம் தலையிலேயே விழும். பலகைகளுக்கு இடையில் பழைய தேயிலைத் தூசி இருந்ததால், பிள்ளைகள் ஓடி ஆடினால் கூடமே டீக்கடை போல மணக்கும்.

ஆனால் என் சொந்த ஆட்டம் அது இல்லை. கல்லூரியில் நான் மும்முறை தாண்டுதல் வீராங்கனை. நீளம், உயரம், மும்முறை என்று எதைத் தாண்டச் சொன்னாலும் தாண்டுவேன். ஷட்டிலை ஆசிரியர் பயிற்சியில் கற்றதோடு சரி. அதனால் பள்ளிக்குப் பின்னால் ஒரு தாண்டு குழியும் வெட்டினேன். அந்த மலைக்கு ஆற்று மணல் வருவது குதிரைக்கொம்பு. மர டிப்போவில் கேட்டு, மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்து குழியை நிரப்பினோம். பிள்ளைகள் தலைமுடியில் மரத்தூளோடு வகுப்புக்குப் போவார்கள். மற்ற ஆசிரியர்கள் என்னைத் திட்டுவார்கள்.

அந்தக் குழிக்கு நான் முதலில் கூப்பிட்டது ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணை. வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டு. மற்றவர்கள் அதன் மேல் போட்ட பலகையில் நடந்து போவார்கள். அவள் மட்டும் ஓடிவந்த வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல், இடது காலை ஊன்றி, வலது முட்டியை மேலே தூக்கித் தாண்டிப் போவாள். யாரும் சொல்லித்தந்து வந்ததில்லை அது. பார்த்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நாலைந்து நாள்தான் குழிக்கு வந்திருப்பாள். ஒரு சாயங்காலம் அவளுடைய அம்மா வந்து நின்றார். கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்திருந்தார். இடுப்பில் சுற்றியிருந்த தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் அந்தப் புள்ளயோட அம்மா. எம் மகள பாய விடாதீங்க."

"பாயறதுங்களா?"

"நீளம் பாயறது. அந்தக் குழிக்குள்ள பாயுறாங்களே, அது."

சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவர்களுடையது. குதிப்பதை, தாண்டுவதை எல்லாம் பாய்வது என்றுதான் சொல்வார்கள். பெண்பிள்ளை பெரியவளானதும் இப்படி ஒரு அம்மா வந்து நிற்பது எனக்குப் பழக்கம். எல்லாரிடமும் சொல்வதையே இவரிடமும் சொன்னேன்.

"ஏனுங்க அக்கா, குதிச்சா ஒண்ணும் ஆகாதுங்க. வயித்துக்குக் கெடுதல்னு சொல்றதெல்லாம் சும்மாங்க. நானே குதிச்சு வளந்தவதானுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா டீச்சர்?"

"இல்லைங்க" என்றேன்.

அவர் அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. "வேற ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. பாயாத வெளையாட்டா இருந்தா சரி" என்றார். தாண்டாத விளையாட்டு என்று என்னிடம் இருந்தது ஷட்டில் ஒன்றுதான்.

அப்படித்தான் அவள் மாடிக்கு வந்தாள். மட்டையைப் பிடிப்பதிலிருந்து ஆரம்பித்தோம். புதிதாக வருகிற எல்லாப் பிள்ளையும் தோசைக்கரண்டியைப் பிடிப்பது போலத்தான் மட்டையைப் பிடிப்பார்கள். அந்தப் பிடியில் மணிக்கட்டு திரும்பாது. "மட்டைக்கு வணக்கம் சொல்ல வேணாம், கை குடு. புதுசா ஒருத்தரப் பாத்தா கை குடுப்போம்ல, அந்த மாதிரி" என்பேன். பிறகு ஷட்டிலைக் கீழே விடாமல் மேல்நோக்கித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு கீழிருந்து போடும் சர்வீஸ். பிறகுதான் கால்கள். ஆடுகளத்தின் மூலைக்குப் போய்த் தொட்டுவிட்டு நடுவுக்குத் திரும்ப வேண்டும். தொடுவதற்குப் பிள்ளைகள் பறப்பார்கள், திரும்பி வர மறந்துவிடுவார்கள்.

இவள் எதையும் மறக்கவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு பருவத்துக்குள் கற்றுக்கொண்டாள். தலைக்கு மேல் வருவதை அடிக்க, பக்கவாட்டில் திரும்பி முழங்கையை உயர்த்தி, கல் எறிவது போல் மட்டையை வீசச் சொல்லியிருந்தேன். அதையும் செய்தாள். ஆனால் ஷட்டில் உயரமாக வந்தால் அவள் கால் தரையில் நிற்காது. "குதிக்காத, குதிக்காத" என்று நானே கத்துவேன். தாண்டுவதையே தொழிலாகக் கொண்ட நான், ஒரு பிள்ளையிடம் குதிக்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஆடி மாதம். மழை விடாமல் கொட்டிய ஒரு மாலையில் மகளைக் கூட்டிப் போக அம்மா குடையோடு மாடிப்படி ஏறி வந்தார். அவர் வாசலில் தலை காட்டிய அந்த நேரம் பார்த்து, பின்கோட்டுக்குப் போன ஷட்டிலை இவள் எம்பி அடித்தாள். இரண்டு காலும் காற்றில். நன்றாக அடித்தாள். உத்தரத்தில் படாமல் மறுபக்கத் தரையில் போய் மோதியது ஷட்டில். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அம்மா குடையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே பலகைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தை நிறுத்தி மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். அவளை மட்டும் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் ஷட்டில்களைப் பொறுக்கச் சொன்னேன். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம் டீச்சர்." கீழே கிடந்த குடையை எடுத்து மடக்கினார். "இவளுக்கு அடுத்தாப்புல ஒண்ணு இருந்துச்சு டீச்சர். வயித்துல. அஞ்சு மாசம்."

மழைச் சத்தத்தில் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

அப்போது மகள் கைக்குழந்தை. எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தையை விட்டுப் போகும் அறையில், அவர் சொன்னபடி புள்ளக் காம்பராவில், அவளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார். காலை மூட்டம் இன்னும் விலகவில்லை. பறித்துக்கொண்டிருந்தபோது யாரோ "ஆனை, ஆனை" என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் தேயிலைக்கு மேல் முதுகு தெரிந்தது. எல்லாரும் ஓடினார்கள். இவர் ஓடிய பக்கம் முடிவில் ஒரு கான். மழைத் தண்ணீர் போக வெட்டிய வாய்க்காலை அவர்கள் கான் என்பார்கள். அந்த வருஷம்தான் அதை ஆழமாகவும் அகலமாகவும் வெட்டியிருந்தார்களாம். முதுகில் கொழுந்துப் பையோடு அதைத் தாண்டினார். அந்தப் பக்கம் போய் வயிறு அடிபடக் குப்புற விழுந்தார்.

"ஆனை போயிருச்சு. ரெண்டு நாள்ல புள்ளயும் போயிருச்சு."

கூடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்களாம். பாய்ஞ்சதுதான். பாயாம இருந்திருக்கலாம். மாமியார் சொன்னார், எஸ்டேட் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். புருஷன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததையும் இவர் அதே அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாயாம இருந்திருந்தா?" என்றேன். "அங்கயே நின்னிருந்தா, ஆனை உங்கள என்ன பண்ணியிருக்கும்க்கா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அத யாரும் கேக்கல டீச்சர்."

"இந்தப் புள்ளைக்கு அம்மா இருந்திருக்க மாட்டாங்க."

அவர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். அந்தக் கோடியில் அவள் ஷட்டில்களைப் பொறுக்கி முடித்துவிட்டு, எங்களைப் பார்க்காதது போல, மறுபடி தரையில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை அதுவரை அந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி எங்களுக்குப் பிள்ளை இல்லை. டாக்டர்களிடம் போனோம். இரண்டு பேரிடமும் குறை இல்லை என்றார்கள். ஆனால் மேட்டுப்பாளையத்தில் என் மாமியார் வீட்டில் அதற்குக் காரணம் எப்போதோ முடிவாகிவிட்டது. 'குதிச்சுக் குதிச்சு கர்ப்பப்பை எறங்கிப் போச்சு' என்று விசேஷ வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். நான் படித்தவள், அப்படி எதுவும் கிடையாது என்று பாடம் நடத்துகிறவள். இருந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து நான் ஒருமுறைகூட ஓடிவந்து தாண்டவில்லை. பிள்ளைகளுக்கு நின்ற இடத்திலிருந்து செய்துகாட்டுவேன். கையால் காட்டுவேன். யாராவது ஓடித் தாண்டச் சொன்னால், முட்டி வலி என்பேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. "அன்னைக்கி உங்ககிட்ட புள்ள இருக்கான்னு கேட்டுப்புட்டனே" என்றார்.

"எல்லாரும் கேக்கறதுதானுங்க அக்கா."

"இல்ல. நான் கேட்டுருக்கக் கூடாது."

மழை குறையும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். பிறகு அவர்கள் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் குழிக்கு வந்தார். மகளும் கூட வந்திருந்தாள். "பாயட்டும் டீச்சர்" என்றார். "ஆனா விழறதுக்கு மொதல்ல சொல்லிக் குடுங்க. நான் பாக்கணும்."

எந்தப் பயிற்சியாளரும் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஆனால் குதிக்கும் ஆசையில் வருகிற பிள்ளைகளுக்கு அதில் பொறுமை இருக்காது. அன்று அவருக்காக மிக மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். குழியின் ஓரத்தில் தாழ்வான பெஞ்சு ஒன்றைப் போட்டேன். அதன் மேல் நின்று சும்மா இறங்க வேண்டும். குதிகால் முதலில் மரத்தூளைத் தொட வேண்டும். தொட்டவுடன் முட்டி மடங்க வேண்டும். இரண்டு கையும் முன்னால் போக வேண்டும். இடுப்பு பின்னால் உட்காராமல், குதிகால் பதிந்த இடத்தைத் தாண்டி முன்பக்கமோ பக்கவாட்டிலோ சரிய வேண்டும். இறங்கும் அடியைக் கால் வாங்கிக்கொள்வதால் அது வயிற்றுக்கோ முதுகுக்கோ ஏறாது. அவள் திரும்பத் திரும்ப இறங்கினாள். அம்மா குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் பாதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி மடங்கணும்" என்று சில நேரம் எனக்கு முன்னால் அவரே சொன்னார்.

சில சனிக்கிழமைகள் இப்படிப் போயின. மகள் பெஞ்சிலிருந்து இறங்குவதை முடித்து, குறைந்த தூரம் ஓடிவந்து தாண்டத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் அம்மா எழுந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினார்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா!" மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தா பாக்கட்டும்."

முதல்முறை கால் விறைத்துத்தான் இறங்கினார். பல்லோடு பல் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. "முட்டிய வுட்ருங்கக்கா, தானா மடங்கும்" என்றேன். இரண்டாவது முறை மடங்கியது. பக்கவாட்டில் சரிந்து மரத்தூளில் உருண்டார். எழுந்திருக்காமல் அப்படியே கிடந்ததால் நான் பயந்து பக்கத்தில் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். அப்புறம் கண்ணோரம் ஈரத்தில் மரத்தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மகள் வந்து அம்மாவின் முதுகைத் தட்டிவிட்டாள்.

"இப்பிடித்தானா டீச்சர் விழணும்? அன்னைக்கி இது தெரியாமப் போச்சே."

"ஆனை தொரத்துறப்ப எனக்கும் ஞாபகம் வராதுங்கக்கா" என்றேன்.

அதற்கு அவர் நிஜமாகவே சிரித்தார். புடவையை உதறிக்கொண்டே, "நீங்க பாய மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

முட்டி வலி என்று சொல்ல வாய் திறந்தேன். அவரிடம் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தின் கோடிவரை நடந்தேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். கால் ஞாபகம் வைத்திருக்குமா என்று சந்தேகமாக இருந்தது. ஓட ஆரம்பித்ததும் சந்தேகப்பட நேரம் இல்லை. ஒரு காலில் எம்பி, அதே காலில் இறங்கி, மறு காலுக்கு மாறி, அதிலிருந்து குழிக்குள். தூரம் ஒன்றும் பெரிதில்லை. கல்லூரியில் என்றால் என் கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். மூச்சு இரைக்க எழுந்தபோது, கழுத்துக்குள் போன மரத்தூள் குறுகுறுத்தது.

"இன்னொருக்கா" என்றாள் மகள்.

இன்னொரு முறையும் தாண்டினேன். என் வீட்டுக்காரருக்குக் குந்தா மின்நிலையத்தில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பந்தலூர் வருவார். அடுத்து வந்தபோது நான் படியேறச் சிரமப்பட்டதைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றார். சொன்னேன். அவர் கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வந்து, கெண்டைக்காலில் தேய்த்துவிட்டார். தேய்த்து முடித்துக் கை கழுவப் போகும்போது, "நானும் ஒருநாள் வந்து பாக்கறேன்" என்றார்.

வட்டாரப் போட்டி கூடலூரில் நடந்தது. இரண்டுக்கும் அவள் பேரைக் கொடுத்திருந்தேன். காலையில் ஷட்டில். நல்ல உயரமான உள்ளரங்கம். எதிரே ஆடிய பெண் முதல் அடியையே கூரைக்குப் பக்கமாகத் தூக்கிவிட்டாள். தாழ்ந்த உத்தரத்துக்குக் கீழேயே ஆடிப் பழகிய எங்கள் பெண், ஒரு ஷட்டில் அவ்வளவு மேலே போவதை அதுவரை பார்த்ததே இல்லை. வாயைத் திறந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். அது அவள் காலடியில் வந்து விழுந்தது. முதல் சுற்றோடு வெளியே வந்தாள். "எவ்ளோ நேரம் மேலயே இருக்கு டீச்சர்!" என்றாள். தோற்ற வருத்தத்தைவிட அந்த ஆச்சரியம்தான் அவளிடம் அதிகமாக இருந்தது.

மதியம் நீளம் தாண்டுதல். மலையில் எங்கே போனாலும் போட்டிக் குழியிலும் மரத்தூள்தான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த அம்மா, மகள் ஓடத் தயாரானதும் குழிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"என்னால பாக்க முடியல. நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சர்."

அவள் ஓடி வந்தாள். தாண்டு பலகையில் இடது கால் சரியாக விழுந்தது. முட்டி உயர்ந்தது.

"எப்பிடி விழுந்தா?" அம்மா திரும்பாமலே கேட்டார். எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை.

"குதிகால் மொதல்ல. முட்டி மடங்குச்சு. பக்கவாட்டுல சரிஞ்சா. அழகா எறங்குனாளுங்கக்கா."

அப்போதுதான் திரும்பினார். மகள் குழியிலிருந்து எழுந்து எங்களைத் தேடிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. முதல் இரண்டு பேரைத்தான் மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் அடுத்த வருஷம் போனாள். அதற்கடுத்த வருஷமும் போனாள். அந்த இரண்டு முறையும் அம்மா முகத்தைத் திருப்பாமல் பார்த்தார்.

இப்போது எனக்குக் குந்தாப் பக்கமே மாற்றல் கிடைத்து, வீட்டுக்காரரோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சனிக்கிழமைகளில் புதுப் பள்ளிப் பிள்ளைகள் போனபிறகு இரண்டு மூன்று முறை தாண்டுகிறேன். அவர் டேப்பைப் பிடிக்கிறேன் என்று வந்து, அளவைக் கொஞ்சம் கூட்டியே சொல்கிறார்.

பந்தலூரிலிருந்து அந்த அக்கா அவ்வப்போது போன் செய்வார். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் மழையைப் பற்றிச் சொல்வார், கொழுந்து வரத்தைப் பற்றிச் சொல்வார். போன வருஷம் ஒருநாள் மகளைக் கோயம்புத்தூரில் உடற்கல்விக் கல்லூரியில் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்தே கூப்பிட்டார். என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில், "அது இருந்திருந்தா இப்ப பதினொண்ணாவது படிக்கும் டீச்சர்" என்றார். "ஆமாங்கக்கா" என்றேன். அதைப் பற்றி அவர் சாதாரணமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். பஸ் கிளம்புகிறது என்று வைத்துவிட்டார்.

மகள் முதல் நாள் பயிற்சி முடிந்ததும் கூப்பிட்டாள். பின்னால் யாரோ விசில் ஊதும் சத்தமும் பிள்ளைகள் கத்தும் சத்தமும் கேட்டன. இங்கே ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு போனைக் காதில் அழுத்திப் பிடித்தேன்.

"டீச்சர், நெச மணல்ல பாய்ஞ்சேன் டீச்சர்."

"எப்படி இருந்துச்சு?"

"சூடா இருக்கு!" என்றாள்.